முதல் கவுனும் கடைப் பேட்டர்னும்: தையல் கேள்வி–பதில்

கேள்வி: கடையில் வாங்கும் கவுன்களில் 10 என்ற எண் எனக்குச் சரியாக இருக்கிறது. அக்கா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய, சிம்ப்ளிசிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் பேட்டர்னில் (துணி வெட்டுவதற்கான அச்சிட்ட காகித வடிவம்) உள்ள அட்டவணைப்படி பார்த்தால் 14 வெட்ட வேண்டும் போலிருக்கிறது. எதை நம்புவது?

பதில்: எண்ணை மறந்துவிட்டு அளவு நாடாவை நம்புங்கள். அமெரிக்க நிறுவனங்களின் பேட்டர்ன்களில் பெரியவர்களுக்கான 14 என்பது மார்பு 36, இடுப்பு 28, சீட் (பின்புறத்தின் அகன்ற பகுதியின் சுற்றளவு) 38 அங்குலம் என்ற உடலளவைக் குறிக்கும். ஆயத்த உடைகளின் எண்கள் காலப்போக்கில் தளர்ந்துவிட்டன. பேட்டர்ன் எண்கள் பழைய கணக்கிலேயே நிற்கின்றன. எனவே கடை உடையின் எண்ணைவிடப் பேட்டர்ன் உறையிலுள்ள எண் ஒன்றிரண்டு படி கூடுதலாக வருவது இயல்பு. அதற்காக மனம் வருந்த வேண்டியதில்லை.

நம்மில் பலர் தடுக்கி விழும் இடம் வேறு. தையற்கடைக்கு அளவு ஜாக்கெட் கொடுத்தே பழகியவர்கள் நாம். அதே பழக்கத்தில், காகிதத்தின் மேல் ஜாக்கெட்டைப் பரப்பிப் பார்த்துவிட்டு, 'இது மிகவும் பெரிது' என்று சின்ன அளவை வெட்டிவிடுகிறோம். ரவிக்கை உடலைப் பிடித்து நிற்க வேண்டிய உடை. கவுனுக்கோ கை தூக்கவும் உட்காரவும் மார்பில் 2 முதல் 4 அங்குலம் வரை லூஸ் தேவை. பேட்டர்னில் அந்த லூஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. தைத்து முடித்த உடையின் அளவு காகிதத்திலோ உறையிலோ அச்சாகியிருந்தால், அதிலிருந்து உங்கள் உடலளவைக் கழித்துப் பாருங்கள்; எவ்வளவு தளர்வாக நிற்கும் என்பது வெட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இன்னோர் அளவும் எடுங்கள். நாடாவை அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலாகச் சுற்றி அளந்து, அதை மார்பின் முழு அளவோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையே 2 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், மேல் அளவை மார்பளவாகக் கொண்டு எண்ணைத் தேர்ந்தெடுத்து, மார்புப் பகுதியை மட்டும் அகலப்படுத்துவதே நல்லது. முழு அளவுக்கு வெட்டினால் தோள் இறங்கும், கழுத்து திறக்கும். தோளையும் கழுத்தையும் தைத்த பிறகு திருத்துவது எனக்கே இன்றும் எளிதாக இல்லை.

கேள்வி: ஒரே தாளில் ஐந்தாறு அளவுகளின் கோடுகள் இருக்கின்றன. அப்படியே வெட்டலாமா?

பதில்: வேண்டாம். தாளின் சுருக்கங்களை நீராவி இல்லாத மிதமான சூட்டில் தேய்த்து நீக்கிவிட்டு, உங்கள் அளவுக்கான கோட்டை மட்டும் வேறு தாளில் நகலெடுங்கள். ஓரத்திலுள்ள முக்கோணக் குறிகளையும், டார்ட்டின் (உடல் வளைவுக்கேற்பத் துணியை மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு) நுனியையும், நூலோட்டத்தைக் காட்டும் அம்புக்குறியையும் விடாமல் பதியுங்கள். மார்புக்கு 14, சீட்டுக்கு 16 என்று அளவு மாறுபடுபவர்கள், இடுப்பில் தொடங்கி ஒரு கோட்டிலிருந்து மற்றதற்குச் சீராக வளைத்து வரைந்துகொள்ள நகல்தான் வசதி.

கேள்வி: முதல் கவுனுக்கு எந்தத் துணி வாங்கலாம்? உறையில் எழுதியிருக்கும் அளவே போதுமா?

பதில்: பருத்தி பாப்ளின் வாங்குங்கள், ஜார்ஜெட் கத்தரிக்கோலுக்கு அடியிலேயே நழுவும். உறையில் துணியின் தேவை பெரும்பாலும் 45, 60 அங்குல அகலத்துக்கே கணக்கிடப்பட்டிருக்கும். நீங்கள் விரும்பியது 36 அங்குலத் துணியானால் அந்தக் கணக்கு பொருந்தாது. 36 அங்குல அகலத்தில் ஒரு விரிப்பின் மேல் துண்டுகளை அடுக்கிப் பார்த்து நீளத்தைக் கணக்கிட்ட பிறகே கடைக்குச் செல்லுங்கள். ரவிக்கைக்கு லைனிங்கை நனைத்துக் காயவைப்பது போலவே கவுன் துணியையும் முன்னதாக நனைத்து, காயவைத்து, தேய்த்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது அம்புக்குறியின் இரு முனைகளிலிருந்தும் துணியின் கரை வரையுள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். கால் அங்குலம் சாய்ந்தாலும் அணியும்போது அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

கேள்வி: ஒரே முறையில்தான் இரண்டு கவுன் தைத்தேன். அமெரிக்கப் பேட்டர்னில் தைத்தது சரியாக வந்தது. பர்டா என்ற தையல் இதழிலிருந்து எடுத்தது மூச்சு முட்டுகிறது. என்ன காரணம்?

பதில்: தையலுக்கு விடும் துணிதான் காரணம். அமெரிக்க நிறுவனங்களின் பேட்டர்ன்களில் ஓரத்திலிருந்து 5/8 அங்குலம், அதாவது அரையே அரைக்கால், சேர்த்தே வரையப்பட்டிருக்கும். பர்டா இதழோடு வரும் வரைபடங்களில் அது இருக்காது. கோட்டுக்கு வெளியே நாம்தான் விட்டு வெட்ட வேண்டும். நீங்கள் கோட்டிலேயே வெட்டி, வழக்கம்போல் 5/8 அங்குலம் உள்ளே தைத்திருக்கிறீர்கள். முன்துண்டிலும் பின்துண்டிலுமாகப் பக்கத் தையலுக்கு நான்கு ஓரங்கள். ஆக 2½ அங்குலம் குறைந்துவிட்டது. பக்கங்களில் ஒட்டுத் துண்டு வைத்து இதைக் காப்பாற்றலாம்.

கேள்வி: கழுத்து படியாமல் அலையலையாக நிற்கிறது. தையல் பிசகவில்லை.

பதில்: பிசகு தையலுக்கு முன்பே நேர்ந்திருக்கும். கழுத்து வளைவின் சில பகுதிகள் துணியின் மூலைவாட்டத்தில் (கிராஸில்) ஓடுகின்றன. அவை தொட்டாலே நீளும். என் முதல் கவுனில் வெட்டிய முன்துண்டை ஆணியில் மாட்டி வைத்துவிட்டு மறுநாள் உள்பட்டியை (கழுத்தோரத்தை உள்ளே மடித்து முடிக்க வைக்கும் துண்டு) பொருத்தியபோது, கழுத்து பட்டியைவிட அரை அங்குலம் நீண்டிருந்தது. அதைச் சுருக்கித் தைத்ததால் வந்த அலைகள் எத்தனை முறை தேய்த்தும் போகவில்லை.

வெட்டியவுடன், வேறு எதையும் செய்வதற்கு முன், ஒற்றைத் துணியில் தையல் கோட்டுக்குச் சற்று வெளியே, ஓரத்திலிருந்து அரை அங்குலத்தில் ஒரு தையல் ஓட்டிவிடுங்கள். ஒவ்வொரு தோளிலிருந்தும் கழுத்தின் நடுப்பகுதிக்கு வந்து நிறுத்துங்கள். பட்டியைத் தைத்த பின் ஓரத் துணியில் சிறுசிறு வெட்டுகள் கொடுக்க வேண்டும். வெட்டு தையலுக்கு ஒரு நூல் தள்ளி நிற்கட்டும். தையலைத் தொட்டால் அந்த இடம் பிரியும், தூரத்திலேயே நின்றால் வளைவு இழுக்கும்.

கேள்வி: நல்ல துணியில் தைக்கும் முன் மலிவான துணியில் ஒத்திகை பார்க்க வேண்டுமா? இரட்டை வேலையாகத் தோன்றுகிறது.

பதில்: முதல் கவுனுக்குக் கட்டாயம் பாருங்கள். பாவாடைப் பகுதியை விட்டுவிடலாம். மேல்பகுதியை மட்டும் காடாத் துணியில், பெரிய தையலாக, பட்டியும் ஜிப்பும் இல்லாமல் இணைத்தால் போதும். அணிந்துகொண்டு கைகளை முன்னே நீட்டுங்கள், உட்காருங்கள். டார்ட்டின் நுனி மார்பு முனைக்கு ஓர் அங்குலம் முன்னதாக முடிகிறதா என்று பக்கவாட்டில் நின்று கண்ணாடியில் பாருங்கள். இழுக்கும் இடத்தில் தையலைப் பிரித்து, உடல் கேட்கும் அளவுக்குத் திறக்கவிட்டு, அந்த இடைவெளியை அளந்து பேனாவால் துணியிலேயே எழுதுங்கள். பிறகு முழுவதையும் பிரித்துத் தேய்த்து எடுத்துவைத்தால், திருத்தங்களோடு கூடிய அந்தத் துண்டுகளே அடுத்த கவுனுக்குப் பேட்டர்ன். காகிதம்போல் அவை கிழிவதும் இல்லை.