மகப்பேறு முடிந்து வாரம் 3 நாள் வேலை: லீவுக் கணக்கு எப்படி?

கேள்வி: லண்டனில் வாரம் 5 நாள், நாளுக்கு 7.5 மணி நேரம் வேலை பார்த்தேன். வருடத்துக்கு 25 நாள் லீவு, அதோடு 8 பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை). லீவு வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. 2024 ஜூலை 1 அன்று மகப்பேறு விடுப்பில் போகும் முன் 12 நாள் லீவு எடுத்திருந்தேன். 52 வாரம் முடிந்து, 2025 ஜூன் 30 முதல் பார்ட் டைம்: செவ்வாய், புதன், வியாழன். “2025க்கு மொத்தம் 19.8 நாள்தான், போன வருடத்து 16 நாள் பாக்கியும் 9.6 ஆகிவிடும்” என்கிறது எச்ஆர் (ஊழியர் நிர்வாகப் பிரிவு). இது சரியா? — ஹாரோ வாசகி

பதில்: சரியில்லை, சகோதரி. இரண்டு எண்ணுமே தப்பு. உங்களுக்குக் கிட்டத்தட்ட 13 நாள் நஷ்டமாகும் தப்பு.

மகப்பேறு விடுப்பில் இருக்கும் 52 வாரமும் லீவு சேர்ந்துகொண்டே இருக்கும், சம்பளம் வராத கடைசி 13 வாரம் உட்பட. அதுவும் அப்போதிருந்த முழுநேரக் கணக்கில்தான் சேரும். பிறகு வேலை நாள் குறைந்தது என்பதற்காக, முன்பே சேர்ந்ததைப் பின்னோக்கிக் குறைக்கக் கூடாது. ஆஸ்திரியாவின் டிரோல் மாநில ஊழியர்கள் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் சொன்னதும் இதுதான். 16ஐ 9.6 ஆக்கியது இந்த இடத்தில்தான் இடிக்கிறது.

இனி உங்கள் கணக்கு. நாளில் போடாமல் மணி நேரத்தில் போடுங்கள். ஐந்து நாள் வாரத்தையும் மூன்று நாள் வாரத்தையும் கலக்கும்போது குழப்பம் வராது. முழுநேர வருட லீவு 25 + 8 = 33 நாள், அதாவது 247.5 மணி. வாரம் 3 நாளுக்கு 148.5 மணி.

2025 ஜனவரி 1 முதல் ஜூன் 29 வரை 180 நாள். 247.5 × 180 ÷ 365 = 122.05 மணி. மீதி 185 நாளுக்கு 148.5 × 185 ÷ 365 = 75.27 மணி. ஆக 2025க்கு 197.3 மணி. எச்ஆர் சொன்ன 19.8 நாள் என்பது 148.5 மணி, ஜனவரி முதலே நீங்கள் பார்ட் டைம் என்று வைத்துப் போட்ட கணக்கு அது.

போன வருடத்துப் பாக்கி: 33 நாளில் நீங்கள் எடுத்த 12, ஜூன் வரை வந்த பேங்க் ஹாலிடே 5, இரண்டும் போக 16 நாள், 120 மணி. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சட்டப்படி உள்ள குறைந்தபட்ச லீவு 5.6 வாரம், உங்களுக்கு 28 நாள். மகப்பேறு விடுப்பால் எடுக்க முடியாமல் போன இந்தச் சட்ட லீவை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகும் உரிமை 2024 ஜனவரி 1 முதல் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 28இல் எடுத்த 12, பேங்க் ஹாலிடே 5 ஆக 17 போனால் 11 நாள் அந்த உரிமையில் வரும். மீதி 5 நாள் கம்பெனி கூடுதலாகக் கொடுப்பது. அதற்கு உங்கள் ஒப்பந்தத்தில் லீவை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோவது பற்றிய வரியைப் படியுங்கள். அந்த 5 நாளையும் கேட்டு எழுதுங்கள், பல இடங்களில் கொடுக்கிறார்கள்.

எல்லாம் சேர்ந்தால் 317.3 மணி. திரும்பிய பிறகு வரும் பேங்க் ஹாலிடேக்களில் உங்கள் வேலை நாளில் விழுவது கிறிஸ்துமஸ் மட்டும். 2025இல் அது வியாழன். ஆகஸ்ட் 25 திங்கள், டிசம்பர் 26 வெள்ளி, இரண்டையும் கழிக்கக் கூடாது. 7.5 மணி போக 309.8. வாரம் 22.5 மணி என்று பார்த்தால் 13 வாரத்துக்கு மேல் வருகிறது! போன வருடத்து லீவை டிசம்பர் 31க்குள் எடுத்தாக வேண்டும், ஆகவே இப்போதே தேதிகளைக் கேளுங்கள். லீவு எத்தனை நாளோ, ஒப்பந்தத்தில் வேறு விதி இல்லையென்றால் அதைப்போல் இரண்டு மடங்கு நாள் முன்னால் சொல்ல வேண்டும்.

எச்ஆருக்கு இந்தக் கணக்கை அப்படியே ஈமெயிலில் அனுப்பி, அவர்கள் கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டரில் புதிய வேலை நேரத்தை ஜனவரி 1 என்று பதிந்ததால் வரும் கோளாறு இது. தேதியைத் திருத்தினால் சரியாகும். மறுத்தால், வேலைத் தகராறுகளில் ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்பை அழையுங்கள், இலவசம்தான். தள்ளிப்போடாதீர்கள், தீர்ப்பாயத்துக்குப் போகக் காலக்கெடு உண்டு.

இன்னும் மகப்பேறு விடுப்பில் இருக்கும் வாசகிகளுக்கு: விடுப்பில் இருந்துகொண்டே லீவு எடுக்க முடியாது. ஆனால் 39 வாரத்தில் அரசு நிர்ணயித்த மகப்பேறுப் பணம் நின்றதும் விடுப்பை முடித்துக்கொண்டு, சேர்ந்த லீவை முழுச் சம்பளத்தோடு எடுக்கலாம். முன்கூட்டியே திரும்புவதற்கு 8 வார நோட்டீஸ் வேண்டும். அந்த லீவு முடிந்த பிறகே பார்ட் டைம் தொடங்கும்படி தேதி போட்டுக்கொண்டால், அதுவரை முழுநேரக் கணக்கில் லீவு சேரும்.

கேள்வி: நான் வேலைக்குத் திரும்பப் போவதில்லை. சேர்ந்த லீவு போய்விடுமா? பிரசவக் காலத்தில் வந்த குறைந்த தொகையில்தான் தருவார்களா? — லெஸ்டர் வாசகி

பதில்: போகாது. வேலையை விடும்போது மட்டுமே சட்ட லீவுக்குப் பதிலாகப் பணம் தரலாம், தரவும் வேண்டும். அதை உங்கள் வழக்கமான சம்பளத்தில் கணக்கிட வேண்டும். 52 வாரச் சராசரி போடுவதாக இருந்தால் மகப்பேறு விடுப்பு வாரங்களைத் தவிர்த்துவிட்டு அதற்கு முந்தைய வாரங்களை எடுப்பார்கள். அரசு நிர்ணயித்த மகப்பேறுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. கம்பெனி கூடுதலாகக் கொடுத்திருந்தால், ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் அந்த ஒப்பந்தத்தைப் படியுங்கள்; குறிப்பிட்ட மாதம் திரும்பி வேலை பார்க்காவிட்டால் அந்தக் கூடுதலைத் திருப்பித் தர வேண்டும் என்று சிலவற்றில் இருக்கும்.