நகராட்சியின் ட்ரோன் படங்களை எங்கே வைப்பது, மற்ற பிரிவுகளுக்கு எப்படிக் கொடுப்பது?

ஒப்பந்ததாரர் கொடுத்த ஹார்ட் டிஸ்க் பீரோவில் கிடக்கிறது, திறந்தால் கணினி தொங்கிவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை. நகரமைப்புப் பிரிவில் ஜிஐஎஸ் (கணினி வரைபட) வேலையை ஒற்றை ஆளாகப் பார்ப்பவர் போலிருக்கிறது. நானும் ஒரு மாநகராட்சியில் அதே நாற்காலியில்தான் இருக்கிறேன்.

தொங்குவதற்குக் காரணம் அளவு. படத்தின் ஒரு பிக்சல் தரையில் 5 செ.மீ. என்றால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40 கோடி பிக்சல். மூன்று நிறத்துக்கும் சேர்த்து, சுருக்காமல் 1.2 ஜிபி. 50 சதுர கிலோமீட்டர் ஊருக்கு 60 ஜிபி. வந்த ஜியோடிஃப் கோப்பை (இட விவரம் உள்ளேயே இருக்கும் படக் கோப்பு) அப்படியே வைத்துவிட்டு, அதிலிருந்து சிஓஜி வடிவில் (துண்டு துண்டாகப் படிக்க ஏதுவான ஜியோடிஃப்) ஒரு நகல் எடுங்கள். அதற்கான ஜிடால் மென்பொருள் இலவசம். ஜேபெக் சுருக்கம் கொடுத்தால் அளவு வெகுவாகக் குறையும். குறைந்த துல்லிய அடுக்குகளும் அதே கோப்புக்குள் இருப்பதால், அலுவலக சர்வரில் போட்டாலும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தனக்கு வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். வரிப் பிரிவுக்கும் வார்டு பொறியாளருக்கும் பிரவுசரில் தெரிகிற மாதிரி டைல்ஸ் (சிறு சதுரங்களாக வெட்டிய படம்) போதும். மூலக் கோப்பை மட்டும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஜேபெக் நகலில் பிக்சல் மதிப்பு மாறியிருக்கும், மூலம் போனால் அசல் மதிப்பு திரும்பக் கிடைக்காது.

ஆனால் எனக்கு வலிக்கிற இடம் வேறு. எங்கள் ஊரில் ஒரு ஓடைப் புறம்போக்கு வழக்கு. கட்டடம் எப்போது வந்தது என்பதுதான் கேள்வியே. எங்களிடம் பழைய ஆர்த்தோ படம் (வரைபடம் போல அளக்கும்படி சரிசெய்த வான்படம்) இருந்தது. அதில் அந்த இடம் வெறும் மண். கையில் ஆதாரம் இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இது எந்தத் தேதியில் எடுத்த படம்?" கோப்பின் பெயர் "பைனல் நியூ 2". உள்ளே தேதி இல்லை. கணினி காட்டியது நகல் எடுத்த தேதி. பறந்த நாள் குறித்த அறிக்கை காகிதத்தில் வந்ததாம், அதை வாங்கிய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். அந்தப் படத்தை நாங்கள் தாக்கல் செய்யவே இல்லை. ஓடை இன்றும் அந்தக் கட்டடத்துக்கு அடியில்தான் போகிறது. மழைக்காலத்தில் அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள், புரியும்.

அதனால் ஒவ்வொரு படத்தோடும் பறந்த தேதி, பிக்சல் அளவு, எடுத்தவர், தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (படத்தைச் சரியான இடத்தில் பொருத்தத் தரையில் அளந்த இடங்கள்), பிழை அளவு இவை ஒரு சிறு கோப்பாகக் கூடவே இருக்க வேண்டும். யூடிஎம் மண்டலத்தையும் எழுதுங்கள்; யூடிஎம் என்பது உலகை எண்ணிட்ட மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை. 43, 44 மண்டலங்களின் எல்லையான 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை நம் தமிழ்நாட்டின் நடுவே போகிறது: கோவை, ஈரோடு 43-இல், மதுரை, திருச்சி 44-இல். திண்டுக்கல் பக்கம் கோடு ஊரை ஒட்டியே போகும். மண்டலத்தை மாற்றிக் கொடுத்தால் படம் எங்கோ போய் உட்காரும்.

கிளவுடில் போட்டால் முடிந்ததே என்று யாராவது கீழே எழுதுவார்கள். போடலாம், நான் எதிரி இல்லை. ஆனால் 2021 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலின்படி, கிடைமட்டத்தில் 1 மீட்டரைவிட நுணுக்கமான தரவு இந்தியாவுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும். சர்வர் எங்கே இருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். கணக்கு அலுவலகப் பெயரில் இருக்கட்டும், ஆள் பெயரில் வேண்டாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிரிவில் இத்தனையும் தெரிந்த பையன் அவுட்சோர்சிங்கில், அதாவது வெளி நிறுவனம் மூலம் வேலை பார்ப்பவன். சம்பளம் ஒரு மாதம் வந்தால் மறு மாதம் இழுக்கும். படம் எடுக்க லட்சக்கணக்கில் செலவு செய்கிறவர்கள், அதைக் காக்கிறவனுக்கு ஒரு நிரந்தரப் பணியிடம் கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். அவன் போய்விட்டால் இந்தக் கோப்புகளை யார் திறப்பது?

நீங்கள் முதல் வேலையாக அந்த பீரோ டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, வேறு கட்டடத்தில் வையுங்கள். ஒப்பந்ததாரரிடம் பறந்த தேதியைக் கடிதமாகக் கேளுங்கள். இறுதி பில் இன்னும் பாஸ் ஆகவில்லை என்றால் உடனே தருவார்.