கிரேக்கத் தீவுகளில் பழைய பாட்டும் உணவும் இன்னும் வழக்கில் இருப்பது எங்கே?

கார்ப்பத்தோஸ் தீவின் வடபகுதியில் மலைமுகட்டில் அமைந்துள்ள ஒலிம்போஸ் என்ற ஊரையே நான் சொல்வேன். கிரீட்டுக்கும் ரோட்ஸுக்கும் இடையில் இருக்கும் இந்தத் தீவு 1912 முதல் இரண்டாம் உலகப் போர் வரை இத்தாலியர் வசம் இருந்து, 1948இல் கிரேக்கத்துடன் இணைந்தது. ஒலிம்போஸுக்கு வெகுகாலம் நல்ல சாலை கிடையாது. பழைய வழக்கங்கள் அங்கே தங்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். கப்பலில் என்னுடன் எஞ்சின் அறையில் வேலை பார்த்த நண்பர் அவ்வூர்க்காரர். அவர் அழைத்ததன் பேரில், ஆகஸ்ட் 15 அன்று நடக்கும் அன்னை மரியாளின் திருவிழாவுக்கு ஒருமுறை சென்றிருந்தேன்.

கருவிகள் மூன்று. லீரா என்பது மூன்று நரம்புகள் கொண்ட சிறிய வில்வாத்தியம். தொடைமேல் நிறுத்தி, நரம்பை விரலால் அழுத்தாமல் நகத்தால் பக்கவாட்டில் தொட்டு வாசிக்கிறார்கள். வில்லில் கட்டிய குட்டி மணிகள் தாளத்தைப் பார்த்துக்கொள்கின்றன. நீண்ட கழுத்துடைய நரம்புக்கருவியான லாவூட்டோ அதற்குத் துணை. மூன்றாவது ட்சம்பூனா, ஆட்டுத்தோலில் செய்த பைக்குழல். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் காது அடைத்துவிடும்.

ஆனால் அங்கே இவையெல்லாம் சொல்லைச் சுமப்பதற்காகத்தான். மன்டினாதா என்பது பதினைந்து அசைகள் கொண்ட இரண்டு அடிகள், ஈற்றில் இயைபு. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆண்களில் ஒருவர் அதை அப்போதே கட்டிப் பாடுகிறார். அவர் அரையடி பாடி நிறுத்த, மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுகிறார்கள். அந்த இடைவெளியில் அவர் அடுத்த சொற்களைத் தேடிக்கொள்ளலாம் என்பது என் ஊகம். புதிதாகப் பிறந்த குழந்தை, அந்த ஆண்டு இறந்தவர், அமெரிக்காவின் பால்டிமோருக்கும் ஏதென்ஸ் அருகே உள்ள பிரேயுஸ் துறைமுகத்துக்கும் பிழைக்கப் போனவர்கள் என்று, நேரில் பேசக் கூச்சப்படும் எதையும் பாட்டில் சொல்லிவிடலாம். எழுபது வயதுக் கிழவர்கள் எல்லார் முன்னிலையிலும் அழுதார்கள். யாரும் கண்ணீரைத் துடைக்கச் சொல்லவில்லை.

நண்பரின் தந்தை பாடிய முதல் மன்டினாதாவின் பொருளைப் பக்கத்தில் இருந்தவர் என் காதில் சொன்னார்: ‘இத்தனை துறைமுகங்களைக் காட்டிக்கொடுத்த கடலுக்கு, என் வீட்டு வாசல் மட்டும் மறந்துபோயிற்றா?’ நண்பர் சற்று நேரம் தம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடலுக்கு வழி தெரியும், சம்பளத்துக்குத்தான் தெரியவில்லை என்ற பொருளில் இரண்டடி பதில் கட்டினார். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

இரவு முற்றியதும் ஆட்டம் தொடங்குகிறது. கருவிக்காரர்கள் நடுவில் அமர, அவர்களைச் சுற்றி மெல்ல நகரும் வளையத்தில் பெண்களும் சேர்கிறார்கள். மணமாகாத பெண்களின் மார்பில் பொற்காசு மாலைகள். தாயின் சொத்து மூத்த மகளுக்கு, தந்தையின் சொத்து மூத்த மகனுக்கு என்பது அவ்வூரின் பழைய முறை. அழகான வழக்கங்களுக்கு நடுவே இதுவும் உண்டு; இளைய பிள்ளைகளுக்கு அது நியாயமாக இருந்திருக்காது.

உணவைப் பொறுத்தவரை, ஆகஸ்ட் 1 முதல் 14 வரை இறைச்சியும் பாலும் விலக்கி நோன்பிருப்பவர்கள் என்பதால், 15ஆம் தேதி ஊர்ப்பந்தியில் பரிமாறும் ஆட்டிறைச்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் தனி வரவேற்பு. எனக்குப் பிடித்ததோ மக்கரூனெஸ் என்ற கையால் செய்யும் பாஸ்தா. நண்பரின் தாயார் மாவைக் கயிறாகத் திரித்துத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றையும் விரல்நுனியால் அழுத்திப் பலகைமேல் ஓர் இழுப்பு இழுப்பார். நடுவில் குழி விழும். வேகவைத்து, கருஞ்சிவப்பாக வதக்கிய வெங்காயத்தையும் துருவிய பாலாடைக்கட்டியையும் மேலே போட்டால் முடிந்தது. வெங்காயமும் எண்ணெயும் போய்த் தங்குவதற்கே அந்தக் குழி. ரொட்டியை வீட்டுக்கு வெளியே உள்ள விறகு அடுப்பில் சுடுகிறார்கள்.

மக்கரூனெஸ் அங்குள்ள உணவகங்களில் பொதுவாகக் கிடைக்கும். பாட்டைக் கேட்க வேண்டுமானால் திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ போவது நல்லது. ஒன்று மட்டும்: கைதட்டாதீர்கள். முதல் மன்டினாதா முடிந்ததும் நான் தட்டினேன். அந்த நீண்ட மேசையில் வேறு எந்தக் கையும் அசையவில்லை. நண்பரின் தாயார்தான் ஒன்றும் சொல்லாமல் என் தட்டை இன்னும் சற்று அருகில் நகர்த்தி வைத்தார்.