ஜிடி86-க்குக் காயிலோவரா, நல்ல ஷாக்கா?

வணக்கம் நண்பரே. 2013 டொயோட்டா ஜிடி86 கார், 1,10,000 கி.மீ. ஓடியாயிற்று, பின் ஷாக்கில் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) எண்ணெய் கசிகிறது, தினமும் 50 கி.மீ. வேலைக்குப் போய்வர வேண்டும், விலை குறைந்த காயிலோவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய, ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) போட்டு வண்டியை 40 மி.மீ. இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அவ்வளவு இறக்கினால் ஷாக் அமுங்க இடமே இருக்காது, ஒவ்வொரு பள்ளத்திலும் பம்ப் ஸ்டாப்பில், அதாவது ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் கட்டையில், போய் இடிக்கும். முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தின் மேல்பக்கத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு) வேறு; ரொம்ப இறக்கினால் வளைவில் போதுமான கேம்பர் (சக்கரத்தின் உள்நோக்கிய சாய்வு) கிடைக்காமல் டயரின் வெளி ஓரத்தில்தான் வண்டி சாயும். நானும் இதைச் செய்து பார்த்தவன்தான். ஷாக் தண்டில் ஒரு கேபிள் டை கட்டிவிட்டு ஓட்டினேன், பத்தே நிமிடத்தில் அது பம்ப் ஸ்டாப் தொடும் இடம்வரை தள்ளப்பட்டிருந்தது. ஆறு மாதத்தில் கழற்றிவிட்டேன்.

உங்களுக்கு பில்ஸ்டீன் நிறுவனத்தின் பி6 ஷாக்தான் சரி, வண்டியோடு வந்த ஸ்பிரிங்கோடு. இறக்கியே ஆக வேண்டும் என்றால் 20, 25 மி.மீ. குறைக்கும் ஸ்பிரிங்கும் அதே நிறுவனத்தின் பி8 ஷாக்கும் போடுங்கள்; பி8 குட்டை ஸ்பிரிங்குக்கென்றே செய்தது. அப்புறம், மேல் மவுண்ட்டையும் (ஷாக்கின் மேல்முனையை பாடியோடு பிணைக்கும் பாகம்) பம்ப் ஸ்டாப்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், எப்படியும் எல்லாவற்றையும் பிரிக்கத்தான் போகிறார்கள். ஒன்று முக்கியம்: வண்டி லிஃப்டில் தொங்கும்போது ரப்பர் புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை) போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்க விடாதீர்கள், சக்கரம் எடை தாங்கி நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும், இல்லையென்றால் ரப்பர் முறுக்கியபடியே கிடந்து சீக்கிரம் கிழிந்துவிடும். முடித்த கையோடு நான்கு சக்கர அலைன்மென்ட்டும் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) பார்த்துவிடுங்கள்.