கணவருக்கு ஒரு விலை, மனைவிக்கு ஒரு விலை: ஐரோப்பியப் பயணக் கேள்வி-பதில்

கோடை நெருங்கினால் ஐரோப்பாவில் படிக்கும் வாசகர்களின் கடிதங்கள் ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன. ஊரிலிருந்து மனைவி வருகிறார், அல்லது கணவர் வருகிறார். நாலு ஊர் சுற்ற வேண்டும், கையில் மாணவர் பட்ஜெட். இந்த முறை பதிலில் எல்லாவற்றிலும் ஒரே விஷயம் ஓடுவதைப் பார்ப்பீர்கள். டிக்கெட் விற்பவர் கண்ணில் நீங்கள் இருவரும் தம்பதி அல்ல. ஒருவர் அங்கே வசிப்பவர், ஒருவர் வந்து போகிறவர். ரேட்டும் விதியும் ஆளுக்கு ஆள் மாறும்.

கேள்வி: மியூனிக்கில் முதுகலை படிக்கிறேன். மே மாதம் மனைவி திருச்சியிலிருந்து மூன்று வாரம் வருகிறாள். பிராக், வியன்னா, பாரிஸ் போக ஆசை. "கண்ணை மூடிக்கொண்டு இரண்டு யூரெயில் பாஸ் வாங்கிவிடு" என்கிறான் நண்பன். வாங்கலாமா?

பதில்: கண்ணைத் திறந்துகொண்டே பார்ப்போம். பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டான யூரெயில் பாஸ் ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது. அது உங்கள் மனைவிக்குச் சரி. நீங்கள் ஜெர்மனியில் வசிப்பவர். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் உங்களுக்கு உரியது இன்டர்ரெயில். இரண்டையும் விற்பது ஒரே நிறுவனம்தான், ரயில்களும் பெரும்பாலும் அவையேதான். ஆனால் இன்டர்ரெயிலில் ஒரு முடிச்சு இருக்கிறது. வசிக்கும் நாட்டுக்குள் அதைப் பயன்படுத்த, வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், அவ்வளவுதான். மனைவி தன் பாஸில் பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் போய்வரலாம். பக்கத்து இருக்கையில் உட்கார நீங்கள் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும்.

அடுத்தது, பாஸ் தேவையா என்பது. பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியாரோசா, ஸ்பெயினின் ஏவிஇ போன்ற அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாக ரிசர்வேஷன் கட்டணம் உண்டு. பாஸ் விளம்பரத்தைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். உங்கள் திட்டமோ எளிமையானது. மியூனிக்–பிராக் சுமார் ஆறு மணி நேரம், பிராக்–வியன்னா நாலு, வியன்னா–மியூனிக் நாலு. தேதி முடிவாகிவிட்டதென்றால், அந்தந்த ரயிலுக்கு முன்கூட்டியே எடுக்கும் சலுகை டிக்கெட் பெரும்பாலும் பாஸைவிட மலிவாக முடியும். காலையில் எழுந்து "இன்றைக்கு எங்கே போகலாம்?" என்று யோசிக்கிற ஆட்களுக்குத்தான் பாஸ் லாபம்.

சலுகை டிக்கெட் எடுக்கும்போது ரயில் மாறும் பயணத்தை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 60 நிமிடத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு மேல் என்றால் 50 சதவீதம் கேட்டு வாங்கலாம். கடும் புயல், வெள்ளம் போன்றவை விதிவிலக்கு. இரண்டு இணையதளங்களில் இரண்டு துண்டாக வாங்கிவிட்டு நடுவில் இணைப்பு ரயிலைத் தவறவிட்டால், இரண்டாவது டிக்கெட் குப்பைக்குத்தான்.

பக்கத்து ஊர்களுக்கு மனைவிக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துக்கொடுங்கள். 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. உள்ளூர் பஸ், டிராம், மெட்ரோ, நாடு முழுவதும் வட்டார ரயில் எல்லாம் அதில் அடக்கம். ஐசிஇ, ஐசி போன்ற நெடுந்தூர ரயில்களில் செல்லாது. எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரை வட்டார ரயிலில் இதிலேயே போகலாம். இது சந்தா என்பதை மறக்க வேண்டாம். மே மாதத்தோடு முடிய வேண்டுமென்றால் மே 10-க்குள் ரத்து செய்ய வேண்டும். மனைவி வந்த களிப்பில் 11-ஆம் தேதி ஞாபகம் வந்தால் ஜூனுக்கும் பணம் போகும். உங்கள் மாணவர் டிக்கெட் உங்கள் பெயருக்கு மட்டும்தான், அதில் அவரை ஏற்ற முடியாது. பரிசோதகரிடம் சிக்கினால் 60 யூரோ.

கேள்வி: மியூனிக் – பாரிஸ் விமானம் 20 யூரோவுக்குக் கிடைக்கிறதே, ரயில் எதற்கு?

பதில்: சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். 'மியூனிக் வெஸ்ட்' என்று விற்கப்படுவது மெமிங்கன் விமான நிலையம். மியூனிக்கிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். 'பாரிஸ்' என்று விற்கப்படும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். இரண்டு பக்க பஸ் கட்டணத்தையும் பெட்டிக் கட்டணத்தையும் கூட்டிவிட்டு அப்புறம் ரயிலோடு ஒப்பிடுங்கள். அந்த 20 யூரோவுக்கு இருக்கைக்கு அடியில் வைக்கும் சின்னப் பை மட்டும்தான்.

கேள்வி: நான் லியோனில் படிக்கிறேன், வயது 24. கணவர் கோவையிலிருந்து வருகிறார். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியக டிக்கெட் ஒரு இணையதளத்தில் ஆளுக்கு 60 யூரோவுக்கு மேல் காட்டுகிறது. அவ்வளவா?

பதில்: இல்லை. நீங்கள் பார்த்தது அருங்காட்சியகத்தின் தளமாக இருக்காது. தேடும்போது மேலே விளம்பரமாக வருபவை பெரும்பாலும் மறுவிற்பனைத் தளங்கள். பெயரில் 'லூவ்ர்' என்று பளிச்சென்று போட்டிருப்பார்கள்; வரிசையில் நிற்காமல் போகலாம், வழிகாட்டி, செயலி என்று எதையாவது ஒட்டி விலையை ஏற்றியிருப்பார்கள்.

அசல் விலை இது. 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதார வட்டார நாடுகளின் (ஒன்றிய நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன்) குடிமக்களோ அங்கே வசிப்பவர்களோ அல்லாதவர்களுக்கு 32 யூரோ. மற்றவர்களுக்கு 22. அந்த வட்டாரத்தில் வசிக்கும் 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். ஆக உங்கள் கணவருக்கு 32, உங்களுக்குச் சைபர். இலவசமானாலும் நேரத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். வசிப்பிட அட்டையின் அசல் கையில் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை லூவ்ர் கிடையாது.

இதை நம்பி இத்தாலியில் அட்டையை நீட்டாதீர்கள். அங்கே அரசு அருங்காட்சியகங்களில் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு இருக்கும் 2 யூரோ சலுகை டிக்கெட் ஒன்றியத்தின் குடிமக்களுக்கு. வசிப்பது மட்டும் போதாது. ஒவ்வொரு இடத்திலும் 'குடிமகன்' என்று எழுதியிருக்கிறதா, 'வசிப்பவர்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஆம்ஸ்டர்டாம் போகிற எண்ணமிருந்தால் ஆன் ஃபிராங்க் இல்லத்துக்கு அன்று போய் டிக்கெட் வாங்கலாம் என்று இருக்காதீர்கள். அது இணையத்தில் மட்டும், செவ்வாய்தோறும் ஆறு வாரம் கழித்து வரும் தேதிகளுக்குத் திறப்பார்கள்.

கேள்வி: மனைவிக்கு விசா இன்னும் வரவில்லை. ஹோட்டல் இப்போதே போட்டால் விலை குறைவு. "ஐரோப்பாவில் 14 நாளுக்குள் எதையும் ரத்து செய்யலாம்" என்கிறார்களே?

பதில்: அந்த 14 நாள் உரிமை இணையத்தில் வாங்கும் சட்டைக்கும் செருப்புக்கும். குறிப்பிட்ட தேதிக்கு எடுத்த தங்குமிடத்துக்கும் பயண டிக்கெட்டுக்கும் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. 'பணம் திரும்பாது' என்று போட்டிருந்தால் திரும்பாது. விசா மறுப்புக் கடிதத்தைக் காட்டினாலும் மனம் இரங்க வேண்டிய கட்டாயம் ஹோட்டலுக்கு இல்லை. விசா கைக்கு வரும்வரை இலவச ரத்து உள்ள அறையை மட்டும் போடுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. விமானத்துக்கும் விண்ணப்பத்தில் போய்வரும் முன்பதிவு காட்டினால் போதும், பணம் கட்டிய டிக்கெட் தேவையில்லை. விசாக் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பி வராது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

எத்தனை நுழைவு என்று விசாவில் பாருங்கள். ஒரு நுழைவு விசாவில், அந்த ஒரே விசா செல்லும் ஷெங்கன் நாடுகளுக்குள் எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம். நடுவில் ஆசைப்பட்டு லண்டன் போனால் விசா அங்கேயே முடிந்தது, திரும்ப மியூனிக் வர முடியாது. (லண்டனுக்கு உங்களுக்கும் தனி விசா வேண்டும், அது வேறு செலவு.) அறை வாடகையோடு நகர வரியையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமில் அது வாடகையில் 12.5 சதவீதம்.

கேள்வி: ஜெர்மனியில் படிக்கிறேன். ஊரிலிருந்து வந்த கணவரோடு பிராக் போனபோது பழைய நகரச் சதுக்கத்துப் பக்கம் 100 யூரோ மாற்றினோம். பலகையில் 'கமிஷன் இல்லை' என்று இருந்தது. அறைக்கு வந்து பார்த்தால் கைக்கு வந்தது மிகக் குறைவு. புகார் செய்யலாமா?

பதில்: கமிஷன் இல்லைதான், ரேட்டில் எடுத்துவிட்டார்கள். 2019 ஏப்ரல் முதல் செக் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது: 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரசீதோடு திருப்பிக் கொடுத்து ரத்து செய்யலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு நேரம் கடந்துவிட்டது. அடுத்த முறை கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் எண்ணிப் பாருங்கள், ரசீதில் நேரம் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

செக் குடியரசு ஒன்றியத்தில் இருந்தாலும் நாணயம் கொருனா. ஏடிஎம்மில் எடுத்தால் திரையில் "யூரோவில் கழிக்கட்டுமா, ரூபாயில் கழிக்கட்டுமா" என்று அன்பாகக் கேட்கும். எந்த அட்டையானாலும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்துக்காரர் வைப்பதைவிட உங்கள் வங்கி வைப்பது நல்லது. அதற்காகக் கணவரின் இந்திய டெபிட் அட்டையை எடுக்கச் சொல்லவில்லை. அதிலும் வெளிநாட்டுக் கட்டணம் உண்டு. கடைகளில் உங்கள் ஜெர்மன் அட்டையையே தட்டுங்கள், வீட்டுக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மனைவி ஊருக்குத் திரும்பும்போது ஒரு சூட்கேஸும் மாமனாருக்குக் கைக்கடிகாரமும் வாங்க நினைக்கிறேன். வரி திரும்பக் கிடைக்குமாமே?

பதில்: உங்களுக்குக் கிடைக்காது, அவருக்குக் கிடைக்கும். ஆகவே ரசீதும் கடையில் தரும் வரித் திருப்பப் படிவமும் அவர் பெயரில், அவர் பாஸ்போர்ட்டைக் காட்டி. ஜெர்மனியில் ஒரே கடையில் 50 யூரோவுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும், பிரான்சில் 100-க்கு மேல், இத்தாலியில் 70-க்கு மேல். ஜெர்மனியில் 100 யூரோ விலைக்குள் வரி கிட்டத்தட்ட 16 யூரோ. நடுவில் இருக்கும் ரீஃபண்ட் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தரும், முழுசாக எதிர்பார்க்க வேண்டாம்.

பொருளைக் காட்டிப் படிவத்தில் சுங்க முத்திரை வாங்கினால்தான் பணம். விமான நிலையத்தில்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். பொருளைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டுப் படிவத்தோடு சுங்கத்திடம் போனால் முத்திரை கிடைக்காது, காட்டச் சொல்வார்கள். புது சூட்கேஸுக்குள் துணி அடைத்துக் கொண்டுபோனால் 'பயன்படுத்திய பொருள்' என்று சொல்ல இடம் கொடுத்தது போலாகும், விலைச்சீட்டோடு காலியாகக் கொண்டுபோவது நல்லது. விமானம் பாரிஸ் வழியாகச் சென்னை போகிறதென்றால், சென்னை வரை பதிவாகும் பெட்டியில் உள்ளதை மியூனிக்கிலேயே காட்டிவிட வேண்டும். கைப்பையில் இருக்கும் கடிகாரத்துக்கு முத்திரை பாரிஸில். இணைப்பு விமானத்துக்கு ஒரு மணி நேரம்தான் இடைவெளி என்றால் கடிகாரத்தையும் பெட்டியிலேயே வைத்து மியூனிக்கில் முடித்துவிடுங்கள்.