பீரியட்ஸுக்கு முன் கவனம் சிதறுவதற்கும் ஈஸ்ட்ரோஜனுக்கும் தொடர்பு உண்டா?

வெள்ளவத்தையில் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: பீரியட்ஸுக்கு முந்தின நாட்களில் ஒரு தொகையைப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போவதற்குள் மறந்துவிடுகிறதாம். ஹார்மோன்தான் காரணமா?

பெரும்பாலும் இருக்கலாம். ஒரு தொகையைச் சற்றுநேரம் மனதில் பிடித்து வைப்பது நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையின் வேலை. அதற்கு மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமைன் அளவாக இருக்க வேண்டும். குறைந்தாலும் தடுமாற்றம், கூடினாலும் தடுமாற்றம். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் டோபமைன் சுரப்பைத் தூண்டுகிறது. அதோடு, டோபமைனைச் சிதைக்கும் 'கொம்ட்' என்ற நொதியையும் அடக்குகிறது. பீரியட்ஸ் நெருங்க ஈஸ்ட்ரோஜன் சரியும், டோபமைனுக்கு இருந்த இந்த இரண்டு ஆதரவும் குறையும்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, சுவாரசியமே இங்கேதான். 2011இல் அமெரிக்காவின் பெர்க்லியில் நடந்த ஆய்வில், கொம்ட் வேகமாக இயங்கும் மரபணு உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் நினைவு மேம்பட்டது. மெதுவாக இயங்குபவர்களுக்கு அதே உச்சத்தில் மோசமானது. இந்த உச்சம் வருவது இரண்டு பீரியட்ஸுக்கு நடுவில். அதனால் தோழிக்கு அந்த நாட்களில் மண்டை குழம்பினால் அவர் கதை விடுகிறார் என்று நினைக்காதீர்கள்.

எந்த நாட்களில் கவனம் சிதறுகிறது என்று இரண்டு மூன்று மாதம் நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள். தூக்கக் குறைவு, இரத்தச்சோகை, தைராய்டு கோளாறு ஆகியவையும் இப்படிச் செய்யும். குறிப்போடு டொக்டரிடம் போவது நல்லது. பார்மசியில் நீங்களாகவே ஹார்மோன் குளிசை வாங்க வேண்டாம்.