வாசகர் கேள்வி: பேசாமல் இருக்கும் மாணவர்கள்

கேள்வி: ஜெர்மனிக்கு வேலைக்குச் செல்ல விரும்பும் செவிலியர் 18 பேருக்கு இணையவழியில் ஜெர்மன் மொழி கற்பிக்கிறேன். இரண்டு வாரம் உற்சாகமாக வந்தவர்கள், இப்போது கேமராவை அணைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். தினமும் நினைவூட்டியும் நான்கைந்து பேர்தான் வீட்டுப்பாடம் அனுப்புகிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: இரவுப் பணி முடித்துவிட்டு வகுப்பில் வந்து அமர்கிறவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று நான் நம்ப மாட்டேன். எதைப் படிப்பது, எதை எழுதுவது, எது சரி என்பதையெல்லாம் ஆசிரியரே தீர்மானித்துவிடும் வகுப்பில் அவர்கள் செய்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்கும் திறன்தான் கற்பவரின் தன்னாட்சி என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஆன்ரி ஓலெக் 1981-இல் எழுதினார். அது பிறவியில் வருவதன்று, பழகிப் பெற வேண்டியது என்பதும் அவர் கருத்து. ஆகவே எல்லாவற்றையும் ஒரே நாளில் அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள். இலக்கண வரிசையும் தேர்வுத் தேதியும் உங்களிடமே இருக்கட்டும். வீட்டுப்பாடத்தை மட்டும் அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். "வோ ஹாபன் ஸீ ஷ்மெர்ட்ஸன்?", அதாவது "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று தொடங்கி நோயாளியிடம் பேசுவதைக் குரல்பதிவாக அனுப்பலாம், அல்லது அன்றைய பணியைப் பற்றி ஐந்து வரி எழுதலாம்.

நான் இணையவழியில் ஆங்கிலம் கற்பித்தபோது, ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றிலிருந்து படித்த பெண் கேமராவைத் திறக்கவே மாட்டார். பலமுறை கடிந்துகொண்டேன். வீட்டில் சிக்னல் கிடைக்காததால் மேட்டிலுள்ள ஒரு பாறைக்கு ஏறிவந்து, காற்றுக்குச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு பாடம் கேட்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. பேசிப் பதிவு செய்து அனுப்பினால் போதும் என்றேன். மிளகு காயவைப்பதைப் பற்றி ஒன்றரை நிமிடம் பேசி அனுப்பியவர், தன் குரலைத் தானே கேட்டு, தவறுகளைத் திருத்தி, அதே பதிவை அன்றிரவே மேலும் இரண்டு முறை அனுப்பினார். நான் ஒரு திருத்தமும் சொல்லியிருக்கவில்லை.

மதிப்பிடுவதிலும் அவர்களுக்குப் பங்கு கொடுங்கள். 2001-இல் வெளியான ஐரோப்பிய மொழித்திறன் சட்டகம் ஏ1 முதல் சி2 வரையிலான நிலைகளை "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற வகை வாக்கியங்களால் விளக்குகிறது. அவற்றில் ஐந்தைத் தமிழில் கொடுத்து, வாரந்தோறும் அவர்களே குறித்துவரச் சொல்லுங்கள்.

தினசரி நினைவூட்டலை நிறுத்திவிட்டு, மும்மூன்று பேராகப் பிரித்து ஒருவர் பதிவை மற்றவர் கேட்கும்படி செய்யுங்கள். மூன்று வாரம் கழித்து, கேட்காமலே எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.